முகமும் முகவரியும்

"ஊர்ப் பேரு வேணாம் சார். துரைப்பாக்கம்னு மட்டும் போட்டுக்கோங்க."

சொன்னவன் ஏழாம் வகுப்பு மாணவன். கல்வியாண்டின் தொடக்கம். மாணவர் பெயர், பெற்றோர் பெயர், முகவரி என்று படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தோம். ஏன் வேண்டாம் என்று கேட்டோம். தயங்கினான், பிறகு சொன்னான். அவனுடைய அண்ணன் வேலை கேட்டுச் சென்ற இடத்தில், முகவரியைக் குறித்துக்கொண்டிருந்தவர் ஊர்ப் பெயர் வந்ததும் எழுதுகோலை மூடிவிட்டாராம். அன்றுமுதல் அந்த வீட்டில் எவரும் முகவரியை முழுமையாகச் சொல்வதில்லையாம்.

அவன் மறைக்க விரும்பிய ஊர், கண்ணகி நகர்!

மறைத்ததோடு நின்றானா? இல்லை. அடுத்த நொடியே அவன் முகம் மலர்ந்தது. "ஆனா எங்க ஊருல பெரிய பெரிய படம் வரைஞ்சிருக்காங்க சார். வெளியூர்க்காரங்கள்லாம் வந்து போட்டோ புடிக்கிறாங்க. நீங்க பாத்ததில்லியா?" என்றான்.

பார்த்ததில்லை. தலை கவிழ்ந்து ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கல்லூரியில் அஜந்தாவைப் படித்தோம், சித்தன்னவாசலைப் படித்தோம், குகை விதானத்தின் தாமரைக் குளத்தைப் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்கு விடை எழுதினோம். நாம் குடியிருக்கும் நகரின் சுவரில் என்ன இருக்கிறது என்று எந்தத் தேர்விலும் எவரும் கேட்கவில்லை; நாமும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனவே, அடுத்து வந்த ஞாயிறு விடியலில் கிளம்பினோம். இயன்றவரை நடந்தே செல்வது, அண்ணா சாலையில் தொடங்கிக் கண்ணகி நகரில் முடிப்பது, வழியில் கண்ட சுவரையெல்லாம் படிப்பது என்று திட்டம். வகுப்பறையில் மாணவர்களுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் நாம், வாசிக்கக் கற்றுக்கொள்ளச் சென்ற நாள் அது.

அண்ணா சாலைச் சுவர்களுக்கு ஒரு வரலாறு உண்டு. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1959-ஆம் ஆண்டே வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் உறங்கிற்று. சுவரொட்டி சுவரில் கொலுவிருந்தது. 2009-இல் சென்னை மாநகராட்சி விழித்துக்கொண்டு, அண்ணா சாலையிலும் காமராசர் சாலையிலும் சுவரொட்டி ஒட்டக் கூடாதென்று தடுத்து, அவ்விடங்களில் ஓவியம் தீட்டச் செய்தது. தீட்டியவர்களில் பலர் திரைப்பட பேனர் ஓவியர்கள். உள்ளங்கை அளவு நிழற்படத்தில் கட்டம் போட்டு, அதை நாற்பதடி முகமாக வளர்த்துக் காட்டிய கைகள் அவை. அச்சிட்ட பிளெக்ஸ் வந்தது. ஓரிரவில் நூறு பேனர் அச்சாயிற்று. சாரத்தின் மேல் நின்றவர்கள் தரைக்கு வந்தனர். அவர்களை அழைத்து மாநகராட்சி மீண்டும் தூரிகை கொடுத்தது நல்ல காரியம். மனமாரப் பாராட்டுவோம்.

ஆனால் என்ன தீட்டச் சொன்னார்கள்? மாமல்லபுரத்துச் சிற்பம், பரத நாட்டியம், பச்சைப் பசேலென்ற சிற்றூர்! இன்று அவற்றுள் பல மங்கியும் மறைந்தும் போயின. இருந்தவரை அவை காட்டியது என்ன? அண்ணா சாலைச் சுவரில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழன் இருந்தான்; அதே சாலையில் நேற்று மீன்பாடி வண்டி மிதித்த தமிழன் இல்லை. சிற்பம் இருந்தது, கல் உடைத்தவன் இல்லை. பழம்பெருமை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நகரின் நடுச் சுவரில் நகரத்து மனிதன் ஒருவனுக்குக்கூடவா இடமில்லை என்றுதான் கேட்கிறோம். தீட்டியவரின் பெயரையாவது மூலையில் எழுத விட்டிருக்கலாம்!

சைதாப்பேட்டையை நெருங்குகையில் ஒரு சந்து. அங்கே வேறு வகை ஓவியம். சுற்றுச்சுவரின் அடிப்பகுதியில், முழங்கால் உயரத்தில், வரிசையாகப் பதித்த ஓடுகள்: பிள்ளையார், சிலுவை, பிறை, மறுபடி பிள்ளையார். இது எதற்கென்று சென்னைவாசிக்குச் சொல்ல வேண்டியதில்லை. வழிப்போக்கர் சுவரை நனைக்காதிருக்கக் காவல்! அண்ட சராசரத்தைக் காப்பவர் என்று சொல்லப்படுபவருக்கு இங்கே ஆறடிச் சுவரைக் காக்கும் வேலை. சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை. பக்கத்தில் ஒரு பொதுக் கழிப்பிடம் கட்டினால் ஆண்டவர்கள் அனைவருக்கும் ஓய்வு கிடைக்கும். சிரித்துவிட்டு நகர்ந்தோம் என்றாலும் ஓர் உண்மை மனத்தில் தைத்தது: சுவரில் ஒரு முகத்தை வைத்தால், எதிரே வருபவனின் நடத்தை மாறுகிறது. அந்த ஓட்டைப் பதித்தவர் ஓவியத்தின் ஆற்றலை நம்மைவிட நன்றாக அறிந்தவர்.

மறைமலை அடிகள் பாலத்தில் சற்று நின்றோம். கீழே அடையாறு. ஆற்றோரக் குடிசைகள் பலவும் எங்கே சென்றன என்ற கேள்விக்கு விடை காணத்தான் நாம் நடக்கிறோம். அதைப் பிறகு சொல்வோம்.

கிண்டியிலிருந்து கிழக்கே திரும்பி, மத்திய கைலாசம் கடந்து, இந்திரா நகர் ரயில் நிலையத்தை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. நிமிர்ந்தோம், நின்றுவிட்டோம்.

நிலையத்தின் நெடுஞ்சுவர் முழுவதும் முகங்கள். கறுத்த முகம், சுருங்கிய முகம், சிரிக்கும் முகம், சிந்திக்கும் முகம். 2021-இல் ஏ-கில் என்ற புனைபெயருடைய சென்னை ஓவியர் முதலியோர் தீட்டியது. 'நாம்' என்ற பொருள்படப் பெயரிட்டிருக்கிறார்கள். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் மாநகராட்சியும் ரயில்வேயும் துணை நின்றிருக்கின்றன. இம்முகங்களுக்குள் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்களும் இருக்கிறார்கள். யார் அவர்? சுவர் சொல்லவில்லை! இவரா, அவரா என்று நம் கண் ஒவ்வொரு முகமாகத் தாவுகிறது. சில நொடிகள் சென்றதும் நமக்கே நாணமாகிவிடுகிறது. எதைத் தேடினோம்? எந்த அடையாளத்தை எதிர்பார்த்தோம்?

தோழர்களே, இதைத்தான் கலை என்கிறோம். இந்தியாவில் இந்நோய்த் தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது இதே சென்னையில், 1986-இல். சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டறிந்தனர். நோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிர் என்று ஆய்வுக்கூடம் சொன்னது. பாவத்தின் பலன் என்று பக்தர் கூட்டம் சொன்னது. ஆய்வுக்கூடம் மருந்தைத் தந்தது. பக்தர் கூட்டம் தந்த பழி, மருந்து வந்த பின்னும் போகவில்லை. அந்தப் பழியை எதிர்த்து ஆயிரம் துண்டறிக்கை எழுதலாம், நாமே எழுதியிருப்போம். துண்டறிக்கை செய்யாத ஒன்றை இச்சுவர் செய்கிறது. பார்ப்பவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, ஒரு சொல்லும் பேசாமல் இறக்கி விடுகிறது.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். இந்நகரில் நாற்பதடி உயரத்தில் யார் முகம் இதுவரை இருந்தது? கோபுரத்தில் தேவர், கட்-அவுட்டில் நடிகர், தோரணவாயிலில் தலைவர். பருமனே பெருமை என்று பழகிய ஊர் இது. அந்தப் பருமனை முதன்முறையாக ஒரு சாதாரண மனிதருக்குக் கொடுத்தால், அது வெறும் அழகுபடுத்தல் ஆகாது. எவருக்கும் பாலாபிஷேகம் நடக்காத நாற்பதடி முகங்களை இங்கேதான் கண்டோம்.

அங்கிருந்து தெற்கே செல்லும் பழைய மாமல்லபுரம் சாலையில் வேறு வகைச் சுவர்கள், கண்ணாடிச் சுவர்கள். கந்தன்சாவடி, பெருங்குடி என்று கணினித் தொழிற்கூடங்கள் வானளாவி நிற்கின்றன. கண்ணாடிச் சுவரில் எதையும் எழுத முடியாது. எதிரே நிற்பவனின் நிழலைத் திருப்பியடித்து அனுப்பிவிடும். அதைத் துடைக்கும் பெண்களும் வாயிலில் நிற்கும் காவலர்களும் பலர் கண்ணகி நகர்க்காரர்கள். உழைப்புக்கு ஊர் தடையில்லை போலும். மேசை நாற்காலி கேட்டால்தான் முகவரி குறுக்கே வருகிறது! இந்த இடத்தில் கால் மறுத்துவிட்டது. எஞ்சிய தொலைவைப் பேருந்தில் கடந்தோம்.

மாணவன் நிறுத்தத்திலேயே காத்திருந்தான். பாட்டியும் உடன் வந்திருந்தார்.

கண்ணகி நகர் எப்படிப் பிறந்தது? 1970-இல் அமைந்த குடிசை மாற்று வாரியம் தொடக்க காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டித் தருவதைப் பெருவழக்காகக் கொண்டிருந்தது. நாளடைவில் நகரின் நிலத்துக்கு விலை ஏறிற்று. ஏழையின் இடத்துக்கு மட்டும் மதிப்பு இறங்கிற்று. 2000-ஆம் ஆண்டு தொட்டு, கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் இங்கே கொண்டுவரப்பட்டன; 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்தோரும் வந்தனர். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். தொடக்கத்தில் கட்டியவை இருநூறு சதுர அடியைக்கூட எட்டாதவை. பிழைப்போ இருபது கிலோமீட்டருக்கு அப்பால். 2021-இல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயர் வளர்ந்தது, வீடு வளரவில்லை.

ஊருக்கு இட்ட பெயரைப் பாருங்கள், கண்ணகி! அரசவையில் நின்று நீதி கேட்டவள் பெயர். 1968-இல் கடற்கரையில் வைத்த அவள் சிலையையே 2001-இல் பெயர்த்தெடுத்தார்கள். 2006-இல் திரும்பக் கொண்டுவந்து பழைய கடற்கரையிலேயே நிறுத்தினார்கள். சிலைக்கு ஐந்தாண்டில் மீட்சி கிடைத்தது. அவள் பெயரிட்ட நகரத்து மக்களுக்கு அப்படி ஒரு நாள் வரவேயில்லை.

இனி ஓவியங்களைப் பற்றி. ஸ்டார்ட் இந்தியா என்ற ஓவிய அமைப்பு, ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனம், சென்னை மாநகராட்சி ஆகிய மூன்றும் சேர்ந்து 2020-இன் தொடக்கத்தில் இங்குள்ள அடுக்கு வீடுகளின் பக்கச் சுவர்களில் ஓவியம் தீட்டச் செய்தன. இந்திய ஓவியரோடு வெளிநாட்டு ஓவியரும் வந்தனர். முன்னதாகத் தில்லியின் லோதி குடியிருப்பில் இதே அமைப்பு தெருக்களைக் கலைக்கூடமாக்கியிருந்தது. அது வெள்ளையர் காலத்தில் அரசு ஊழியருக்கென நகரின் நடுவில் கட்டிய குடியிருப்பு. அங்கே வண்ணம் பூசினால் அழகுக்கு அழகு சேரும். இங்கே பூசுவது வேறு பொருள் உடையது. ஒதுக்கப்பட்ட ஊர் என்ற பழியைக் கழுவுவதே நோக்கம் என்று சொல்லித்தான் தொடங்கினார்கள்.

நம் தோழர்கள் சிலர் இதைக் கேட்டதும் சீறுவார்கள் என்று தெரியும். "குழாயில் தண்ணீர் வராத இடத்தில் சுவரில் நீலம் எதற்கு? வறுமைக்கு முகப்பூச்சா?" என்பார்கள். நாமும் அந்தச் சீற்றத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனோம். அங்கே போய்த் தேடினால் அது பையில் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒன்றைப்போல் ஒன்றாக நின்ற கட்டடங்கள் நடுவே, நான்கு மாடி உயரத்துக்கு ஒரு முகம் சிரிக்கிறது. அதன் கீழே பிள்ளைகள் பந்தாடுகிறார்கள். "நீல வீட்டுக்குப் பக்கத்துல", "பொம்பளைப் படத்துக்குப் பின்னாடி" என்று வழி சொல்கிறார்கள். பிளாக் எண்ணால் அறியப்பட்ட கட்டடம் வண்ணத்தால் அறியப்படுகிறது. இது சிறிய செய்தியா? ஏழைக்குச் சோறு போதும், அழகு எதற்கு என்று கேட்பவர், ஏழையின் வயிற்றை மட்டும் கண்டவர், கண்ணைக் காணாதவர். கண் மேட்டுக்குடியின் சொத்தல்ல. வெயிலும் மழையும் அந்த வண்ணத்தைச் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டிருக்கின்றன. அதற்காகத்தான் வருந்த வேண்டும்.

ஆயினும் ஓவியங்கள் அனைத்தையும் ஒரே தராசில் நிறுத்த இயலாது. முகம் தீட்டிய சுவர்கள் நெஞ்சைப் பிடிக்கின்றன. வெறும் கோணமும் வளைவுமாகத் தீட்டியவை கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அவை பெர்லினிலும் இருக்கலாம், பெங்களூரிலும் இருக்கலாம். கண்ணகி நகரில்தான் இருக்க வேண்டும் என்பதற்கு அவற்றிடம் காரணம் இல்லை.

நாம் சொல்ல வந்த குறை அதுவும் அன்று. பாட்டி சொன்னதுதான் குறை.

"நல்லாத்தான் கீது தம்பி. தெனம் பாக்குறேன்," என்றார். "இதுல நாங்க இருந்த எடம் ஒண்ணும் இல்லியே?"

அவர் இருந்த இடம் சைதாப்பேட்டைப் பக்கம், அடையாற்றங்கரை. காலையில் பாலத்தில் நின்று நாம் பார்த்த அதே கரை. அங்கே இட்லிக் கடை வைத்திருந்தாராம். லாரியில் சாமான் ஏற்றிய அன்று அடுப்பில் வெந்துகொண்டிருந்த ஈட்டை அப்படியே விட்டுவிட்டு வந்தாராம். இருபதாண்டுக்கு மேலாயிற்று, இட்லிப் பானையைப் பற்றிச் சொல்லும்போது குரல் இன்னும் உயர்கிறது. அந்த லாரி நாம் கண்ட எந்தச் சுவரிலும் இல்லை. அந்தக் கரை இல்லை. பேருந்துக்குக் காத்துநிற்கும் விடியற்காலை இல்லை. எல்லா முகமும் சிரிக்கின்றன. ஏன் சிரிக்கின்றன, எங்கிருந்து வந்து சிரிக்கின்றன என்று சுவர் சொல்லவில்லை. இந்திரா நகர்ச் சுவரின் மௌனம் பார்ப்பவனைக் கேள்வி கேட்கிறது. கண்ணகி நகர்ச் சுவரின் மௌனம் பார்ப்பவனைத் தப்பிக்க விடுகிறது. படம் பிடிக்க வருபவர் படம் பிடித்துக்கொண்டு, 'என்ன அழகு!' என்று சொல்லிக்கொண்டு திரும்பிவிடலாம். இம்மக்கள் ஏன் இங்கிருக்கிறார்கள் என்று அவர் கேட்க வேண்டியதில்லை. இந்தச் சுவர்கள் முகம் கொடுத்தன; முகவரியைக் கொடுக்கவில்லை.

ஓவியரைக் குறை சொல்வோமா? சுவர் அவருடையதல்லவே! 1933-இல் மெக்சிகோவின் மாபெரும் சுவரோவியர் டியேகோ ரிவேரா, நியூயார்க்கில் ராக்பெல்லர் குடும்பத்தாரின் கட்டடத்தில் ஓவியம் தீட்டினார்; அதில் லெனின் முகத்தை வைத்தார். முகத்தை மாற்று என்றார்கள். மாட்டேன் என்றார். வேலை நிறுத்தப்பட்டது. 1934 பிப்ரவரியில் சுவரோடு சேர்த்து ஓவியத்தை உடைத்தெறிந்தார்கள். அதே ஆண்டில் அவர் அதை மெக்சிகோ நகரின் கலை மாளிகைச் சுவரில் மீண்டும் தீட்டினார். சொந்த நாட்டில், 1920-களில் தொடங்கி, கல்வித் துறையே அவருக்கும் அவர் தோழர்களுக்கும் சுவர்களை ஒதுக்கித் தந்திருந்தது. உழவனும் சுரங்கத் தொழிலாளியும் அவர்கள் பட்ட துயரத்தோடு அமைச்சகச் சுவரிலேயே ஏறினார்கள். எழுத்தறியாத மக்களுக்கு அதுவே வரலாற்றுப் பாடநூல்.

அந்த நிலை இங்கே இல்லை. வாரியத்தின் சுவரில், மாநகராட்சியின் இசைவோடு, நிறுவனத்தின் வண்ணத்தில் தீட்டும்போது, வாரியத்தின் லாரியைத் தீட்டுவது யார்? எவரும் தடுத்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. தடுக்க வேண்டிய தேவையே வராத ஏற்பாடு அது என்கிறோம். சுவரில் என்ன வரலாம் என்ற பேச்சில், சுவருக்குப் பின்னே குடியிருப்பவருக்குத் தலைமை இடம் இருந்தால் பாட்டியின் இட்லிப் பானை அங்கே ஏறியிருக்கும். வண்ணமும் குறைந்திருக்காது. சிரிக்கும் முகத்தின் பக்கத்தில் ஒரு லாரி நின்றால் அந்தச் சிரிப்பின் பெறுமானம் பன்மடங்கு கூடியிருக்கும். ஏனெனில் அது எதைக் கடந்து வந்த சிரிப்பு என்று தெரிந்திருக்கும்.

மாலையில் விடைபெறுகையில் பையனிடம் கேட்டோம்: "உன்னிடம் ஒரு சுவர் கொடுத்தால் என்ன வரைவாய்?"

"ஆயா கடைய," என்றான் உடனே. அவன் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட கடை!

மறுநாள் பள்ளிக்கு வந்தபோது கணக்கு ஏட்டின் பின்பக்கத்தில் அதை வரைந்து கொண்டுவந்திருந்தான். ஆறு நீலமாக இருந்தது. அடையாறு நீலமாக ஓடி நாம் பார்த்ததில்லை, அவனும் பார்த்ததில்லை, ஆயா சொல்லியிருக்க வேண்டும். அடுப்பு இருந்தது, பானை இருந்தது, ஆவி இருந்தது. லாரியும் இருந்தது, ஓரத்தில், சக்கரம் மட்டும் தெரியும்படி. வகுப்பில் ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். வேறு ஒரு பெண், தன் தாத்தா கால்வாய்க் கரையில் படகில் விறகு ஏற்றியதைத் தானும் வரையட்டுமா என்று கேட்டாள்.

படிவத்தில் இன்னும் துரைப்பாக்கம் என்றுதான் இருக்கிறது. திருத்தும்படி நாம் சொல்லவில்லை; அவனும் கேட்கவில்லை.

பள்ளியின் பின்புறச் சுற்றுச்சுவர் இருபத்திரண்டு அடி நீளம். நடந்து அளந்தோம். வெளிப்பக்கம் தெருவைப் பார்த்திருக்கிறது. இரண்டு கோட்டு பிரைமரும் நான்கு நிறமும் என்ன விலையாகும் என்று கடையில் விசாரித்து, மாணவர் வரைய அந்தச் சுவரைத் தரும்படி தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். என்ன படம் என்ற இடத்தில், "மாணவர் குடும்பங்கள் முன்பு வாழ்ந்த இடங்கள்" என்று குறிப்பிட்டிருக்கிறோம். மேலிடத்துக்கு அனுப்பிக் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.